ஒரே பாட்டு... ஆளுக்கொரு காது!

எப்படிப் போகுது செமஸ்டர்? அரியர் லிஸ்ட் வந்துருச்சா? சரி சரி, முறைக்காதீங்க. இந்த வாரம் புக்கை மூடி வெச்சுட்டு பெங்களூரு வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம் வாங்க.

உங்க ஹாஸ்டல்லயும் இது நடந்திருக்கும். லாங் வீக்எண்டுக்கு பெங்களூரு போன கோஷ்டி, திங்கட்கிழமை மெஸ்ல உட்கார்ந்து கதை அளக்கும். 'மச்சி, சர்ச் ஸ்ட்ரீட்ல ஒரு பப்... லைவ் பேண்டு... சொர்க்கம்டா!' என்பான் ஒருத்தன். அதே பப்புக்கு, அதே ராத்திரி, அதே கோஷ்டியோட போன இன்னொருத்தன், 'போடா... காசையும் புடுங்கிட்டு, காதையும் செவிடாக்கி அனுப்பிட்டான்' என்பான். ரெண்டு பேருமே பொய் சொல்லலை. அப்புறம் எப்படி பாஸ் ஒரே இடம் ஒருத்தனுக்கு சொர்க்கம், இன்னொருத்தனுக்கு மொக்கை? இந்தக் கேள்வியைத்தான் எங்க எடிட்டர் சார் என் தலையில கட்டினார்.

முன்னாடியே ஒண்ணு சொல்லிடறேன். எனக்கு வயசு இருபது. பப் வாசல்ல 21னு போர்டு தொங்குது. என் ஐ.டி. கார்டை வாங்கிப் பார்த்த செக்யூரிட்டி அண்ணன், பிறந்த வருஷத்தை விரல்விட்டு எண்ணி, 'அடுத்த வருஷம் வா தம்பி'னு சுத்தத் தமிழ்ல சொல்லித் திருப்பி அனுப்பிட்டார். (கிருஷ்ணகிரிக்காரராம்!) ஆகவே, உள்ளே நடந்ததா நீங்க இங்கே படிக்கிறது எல்லாம் உள்ளேயிருந்து வந்தவங்க சொன்னது. சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு எதிர்ப்பக்கப் படிக்கட்டுல உட்கார்ந்தவன், நள்ளிரவு வரைக்கும் வெளியே வந்தவங்களை மடக்கி மடக்கிக் கேட்டேன். மூணு டீ, ரெண்டு சமோசா, எடிட்டர் கணக்கு! பப் பேரை மட்டும் கேட்காதீங்க, சொல்ல மாட்டேன்.

நம்ம பசங்களுக்கு பெங்களூரு பப் மேல ஏன் இந்த மோகம்? தமிழ்நாட்டுல 2003லேர்ந்து சில்லறை மது விற்பனை முழுக்க டாஸ்மாக் கையில. அதைத் தாண்டிப் போனா ஸ்டார் ஹோட்டல் பார், இல்லேன்னா கிளப். நல்ல மியூசிக் கேட்டுக்கிட்டு ஃப்ரெண்ட்ஸோட உட்கார நடுத்தரமா ஒரு இடம் இங்கே உருவாகவே இல்லை. பெங்களூருல கதை வேற. எண்பதுகளின் கடைசியிலேயே அந்த ஊருக்கு 'பப் சிட்டி'ங்கிற பட்டம் வந்துருச்சு. ரெஸ்ட் ஹவுஸ் ரோட்டுல இருக்கிற 'பீகோஸ்' ஆரம்பிச்சது 1989ல. அங்கே வளர்ந்த ராக் ரசிகர் கூட்டத்தை நம்பித்தான் 2007ல அயர்ன் மெய்டனும் 2011ல மெட்டாலிகாவும் பேலஸ் கிரவுண்ட்ஸ்ல வந்து வாசிச்சாங்க. ஓசூர்லேர்ந்து பஸ் ஏறினா ஒரு 40 கிலோமீட்டர்தான். சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி காலேஜ் பசங்க சும்மா இருப்பாங்களா?

சர்ச் ஸ்ட்ரீட்டைப் பார்க்காதவங்களுக்கு: பிரிகேட் ரோட்டுக்கும் செயின்ட் மார்க்ஸ் ரோட்டுக்கும் நடுவுல, எம்.ஜி. ரோட்டை ஒட்டினாப்புல ஓடுற ஒரு குட்டித் தெரு. 2018ல கருங்கல் பதிச்சுப் புதுசாக்கினாங்க. ஒரு பக்கம் 'பிளாஸம்', 'புக்வோர்ம்'னு பழைய புத்தகக் கடைகள். (நம்ம செமஸ்டர் புக் கிடைக்குமான்னு கேட்டேன், சிரிச்சாங்க.) இன்னொரு பக்கம் வரிசையா சாப்பாட்டுக் கடைகளும் பப்களும். ராத்திரி எட்டு மணிக்கு மேல நடக்கிறதே ஒரு ஷோ.

முதல்ல மாட்டினது ரெண்டு அக்காங்க. ஒருத்தர் திருச்சி, ஒருத்தர் கோயம்புத்தூர். எலக்ட்ரானிக் சிட்டியில வேலை. முகமெல்லாம் பல்லு. 'தம்பி, எங்க டீம் லீடர் முகத்தை அஞ்சு நாள் பார்த்ததுக்கு இந்த ரெண்டு மணி நேரம்தான் மருந்து. கிடார் வாசிச்சவருக்கு எங்கப்பா வயசு இருக்கும். பின்னிட்டார். பக்கத்து டேபிள்ல எவனும் திரும்பிக்கூடப் பார்க்கலை. எங்க ஊர்ல இப்படி ஒரு இடத்துல ரெண்டு பொண்ணுங்க நிம்மதியா உட்கார முடியுமா, சொல்லு?' என்கிட்ட பதில் இல்லை.

அவங்க சொல்லி முடிக்கலை, வாசல்ல ஒரே சலசலப்பு. சேலம் பக்கத்து காலேஜ் ஃபைனல் இயர் பசங்க ஆறு பேர், எல்லாருக்கும் 21 தாண்டியாச்சு, ஆனா உள்ளே விட மாட்டேங்கிறாங்க. காரணம் 'ஸ்டாக் என்ட்ரி'. அதாவது, ஜோடியா வந்தா ஃப்ரீ. பசங்க மட்டும் வந்தா ஆளுக்கு ஆயிரத்து ஐநூறு கவர் சார்ஜ், அதுவும் டேபிள் காலி இருந்தாத்தான். கவர் சார்ஜ்ங்கிறது சில இடத்துல சாப்பாட்டு பில்லுல கழிச்சுக்குவாங்க, சில இடத்துல அப்படியே சுவாஹா. எது எதுன்னு வாசல்லயே கேட்டுடணும். பசங்களுக்கு செம கடுப்பு. 'நாங்க என்ன ரவுடியாண்ணா? பாட்டு கேட்கத்தானே வந்தோம்?'னு என்கிட்ட நியாயம் கேட்கிறாங்க. (நான் உங்களைவிட சின்னப் பையன்டா!)

இங்கேதான் விஷயம் சிக்கலாகுது. அந்த அக்காங்க ரெண்டு பேரும் நிம்மதியா உட்கார்ந்ததுக்கு ஒரு காரணம், வாசல்ல நிக்கிற செக்யூரிட்டி அண்ணன் பசங்க கூட்டத்தை வடிகட்டினது. அந்த வடிகட்டி இந்த ஆறு பேரை முகத்தைப் பார்க்காமலே ஓரங்கட்டுது. ஒழுங்கா இருக்கிறவனுக்கு இது அவமானம்தான். ஆனா 2016 டிசம்பர் 31 ராத்திரி இதே எம்.ஜி. ரோடு, பிரிகேட் ரோட்டுல கூட்டத்துக்குள்ளே பெண்கள் பட்ட பாடு நாடு முழுக்கச் செய்தியாச்சு. அதைப் படிச்ச பிறகு செக்யூரிட்டி அண்ணனை எனக்கு முழுசாத் திட்ட மனசு வரலை. ஆனா ஒண்ணு, காசு குடுத்தா மட்டும் அதே ஆறு பேரும் திடீர்னு நல்லவங்க ஆயிடறது எப்படி? அதுக்குப் பேரு பாதுகாப்பு இல்லை பாஸ், வசூல்.

இனி மெயின் மேட்டருக்கு வரேன். சத்தம்!

வெளியே வந்தவங்கள்ல அதிகம் பேர் சண்டை போட்டது இதுக்குத்தான். ஒரு பிறந்தநாள் கோஷ்டியில பாதிப் பேர் 'அந்த டிரம்ஸ் நெஞ்சுக்குள்ளே அடிச்சுது பாரு, சூப்பர்'ங்கிறாங்க. மீதிப் பேர் 'பக்கத்துல இருக்கிறவ ஹேப்பி பர்த்டே சொன்னதே கேட்கலை'ங்கிறாங்க. ஐம்பது தாண்டின ஒரு சார், தொண்ணூறுகள்லேர்ந்து இந்தத் தெருவுக்கு வர்றவராம். ரெண்டு காதுலயும் டிஷ்யூ பேப்பரைச் சுருட்டிச் செருகியிருந்தார். 'அப்போ பாட்டு கேட்டோம் தம்பி, இப்போ பாட்டு அடிக்குது.'

நான் ஈ.சி.ஈ. ஆச்சா... இந்த ஏரியாவுல கொஞ்சம் பிளேடு போட அனுமதி வேணும். டெசிபல் நம்ம மார்க் ஷீட் மாதிரி நேரா ஏறுறது இல்லை. 3 டெசிபல் கூடினாலே சத்தத்தோட எனர்ஜி டபுள். 85 டெசிபல்ல எட்டு மணி நேரம் இருக்கலாம்னு அமெரிக்காவோட தொழிலாளர் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பு சொல்லுது. 88க்குப் போனா நாலு மணி நேரம். 91க்கு ரெண்டு. இப்படியே பாதி பாதியாக் குறைச்சுக்கிட்டு வாங்க, 100 டெசிபல்ல வெறும் 15 நிமிஷம்! தாழ்வான சீலிங், நாலு பக்கமும் சிமென்ட் சுவர், நடுவுல ஒரு டிரம் செட், ரெண்டு பெரிய ஸ்பீக்கர். இப்படி ஒரு ஹால்ல 100ங்கிறது பெரிய விஷயமே இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2022ல கச்சேரி நடக்கிற இடங்களுக்குன்னே ஒரு வரையறை வெளியிட்டுச்சு. 15 நிமிஷ சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது, சத்தம் இல்லாத ஒரு ஓய்வு மூலை இருக்கணும், காது அடைப்பான் குடுக்கணும்னு அதுல இருக்கு. நான் கேட்ட யாருமே அப்படி ஒரு மூலையைப் பார்க்கலையாம். பாத்ரூம்தான் ஓய்வு மூலைன்னாங்க!

அப்போ ஒரே பேண்டு ஏன் ஒருத்தருக்கு அமிர்தம், இன்னொருத்தருக்கு அவஸ்தை? பாதிக் காரணம் டேபிள் நம்பர். ஸ்பீக்கருக்கு நேர் எதிரே உட்கார்ந்தவனும் மாடிப்படி வளைவுல உட்கார்ந்தவனும் கேட்டது ரெண்டு வேற கச்சேரி. மூலையில உட்கார்ந்தா பேஸ் சத்தம் சுவர்ல மோதிக் கூடி, பாடுறவர் குரலை முழுங்கிடும். இன்னொண்ணு, மனுஷ உடம்பு நல்லா சத்தத்தை உறிஞ்சும். ஹால் காலியா இருக்கிற ஏழரை மணிக்கு எதிரொலிக்கிற அதே ரூம், நிரம்பின ஒன்பதரைக்கு நல்லா கேட்கும். ஆனா அந்த நிரம்பின கூட்டம் சும்மா இருக்குமா? பக்கத்துல சத்தம் கூடக் கூட நாம நம்மளை அறியாமலே கத்திப் பேசுவோம். இதுக்கு லொம்பார்டு விளைவுன்னு பேரு. 1911லயே பிரான்ஸ் நாட்டு டாக்டர் ஒருத்தர் கவனிச்சு எழுதிட்டார். கூட்டம் கத்த, பேண்டு வால்யூம் ஏத்த, கூட்டம் இன்னும் கத்த... நம்ம கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர்ல வர்ற பாசிட்டிவ் ஃபீட்பேக் ஞாபகம் வருதா? அதேதான். (அதுல நான் பாஸ், நம்புங்க.)

வால்யூமைக் குறைக்கச் சொல்லி சர்வர்கிட்ட கேட்டா, மேனேஜரைக் கேட்கிறேன்னு போறவர் திரும்பி வர்றதே இல்லைன்னு மூணு பேர் சொன்னாங்க. ஏன் வரணும்? பிரான்ஸ்ல நிக்கோலா கெகென் குழு 2008ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. ரெண்டு பார்கள்ல பாட்டுச் சத்தத்தை 72 டெசிபல், 88 டெசிபல்னு மாத்தி வெச்சுப் பார்த்தப்போ, சத்தம் கூடின நேரத்துல ஆளுங்க அதிகமா ஆர்டர் பண்ணாங்க, ஒவ்வொரு கிளாஸையும் சீக்கிரமாவும் காலி பண்ணாங்க. பேச முடியலைன்னா வாய்க்கு வேற என்ன வேலை? கல்லாவுக்கு நல்லது காதுக்கு நல்லதா இருக்கணும்னு சட்டமா என்ன?

அந்த சேலம் கோஷ்டியில ஒருத்தன் மட்டும் உள்ளே போக அவசரப்படாம என் பக்கத்துல படிக்கட்டுல வந்து உட்கார்ந்தான். மரைன் இன்ஜினீயரிங். ரெண்டு மாசத்துக்கு முன்னாடி இதே மாதிரி வேற ஒரு இடத்துல ஸ்பீக்கர் பக்கத்துல மூணு மணி நேரம் ஆடியிருக்கான். அன்னிக்கு ராத்திரி இடது காதுல ஆரம்பிச்ச 'ஙொய்ங்' இன்னும் முழுசா நிக்கலையாம். ராத்திரி ஃபேனை ஆஃப் பண்ணாத் தெளிவாக் கேட்குமாம். 'வீட்ல சொல்லலைண்ணா. அடுத்த மாசம் கப்பல் கம்பெனி மெடிக்கல். அதுல ஆடியோமெட்ரி உண்டு.' அப்பா நிலத்து மேல கடன் வாங்கி ஃபீஸ் கட்டியிருக்கார். ஒவ்வொரு காதுலயும் ஏறத்தாழ 15,000 நுண்ணிய முடிசெல்கள் இருக்கு, போனா போனதுதான், மறுபடி முளைக்காதுன்னு நான் நெட்ல படிச்சதை அவன்கிட்ட சொல்ல வாய் வரலை. நாளைக்கே ஒரு ஈ.என்.டி. டாக்டரைப் பாரு, மெடிக்கல் வரைக்கும் தள்ளிப் போடாதேன்னு மட்டும் சொன்னேன். கச்சேரிக்குப் பிறகு காது இரைஞ்சு ஓரிரு நாள்ல நின்னா தப்பிச்சோம்னு அர்த்தம். நிக்கலைன்னா டாக்டர்தான். ஃபோம்ல செஞ்ச காது அடைப்பான் மெடிக்கல் ஷாப்லயே ரொம்பக் கம்மி விலைக்குக் கிடைக்குது. டிஷ்யூ பேப்பர் சாருக்கும் அதையே சொன்னேன். டிஷ்யூ காதை அவ்வளவாக் காப்பாத்தாது சார்!

உள்ளேயிருந்து தெருவுக்கு வந்த சத்தத்துல பாட்டே இல்லை, வெறும் 'தும் தும்'தான். சுவர் உச்ச சுருதியைத் தடுத்துட்டு, கீழ் சுருதியை விட்டுடும். மரைன் தம்பி அந்த தும் தும்மை வெச்சே எந்தப் பாட்டுன்னு சரியாச் சொல்லிக்கிட்டிருந்தான். பின் சந்துல வீடு இருக்கிற ஒரு அம்மா பால் பாக்கெட் வாங்க வந்தவங்க, அதே தும் தும்மைத்தான் பதினஞ்சு வருஷமாத் தலையணைக்கு அடியில கேட்கிறாங்களாம். 2000ல வந்த ஒலி மாசு விதிப்படி ராத்திரி பத்து மணியிலேர்ந்து காலை ஆறு வரை வணிகப் பகுதியில 55 டெசிபல், குடியிருப்புப் பகுதியில 45தான் வரம்பு. 'விதி இங்கிலீஷ்ல இருக்குப்பா, அதுக்குக் காது கேட்காது'ன்னாங்க. அம்மா தூள்!

பதினோரு மணிக்கு அந்த பிறந்தநாள் கோஷ்டி மறுபடி வெளியே வந்துச்சு, கையில பில்லு. இது உங்க எல்லாருக்கும் உபயோகம், கவனிங்க. மதுவுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, மாநிலத்தோட வரிதான். சாப்பாட்டுக்கு ஜி.எஸ்.டி. அதனால பில்லு ரெண்டு துண்டா வரும், குழம்பாதீங்க. அதுக்குக் கீழே பத்து சதவிகிதம் 'சர்வீஸ் சார்ஜ்'னு இருந்தா அது வரியே இல்லை. தானா பில்லுல சேர்க்கக் கூடாதுன்னு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில வழிகாட்டுதல் போட்டுச்சு. ஹோட்டல்காரங்க கோர்ட்டுக்குப் போனாங்க. 2025 மார்ச்சுல டெல்லி ஹைகோர்ட் அந்த வழிகாட்டுதல் செல்லும்னு சொல்லிடுச்சு. இந்த கோஷ்டியில ஒரு அக்கா 'எடுத்துடுங்க'னு மெதுவாத்தான் கேட்டாங்களாம், மறுபேச்சு இல்லாம எடுத்துட்டாங்க. பக்கத்து டேபிள்காரர் கேட்கலை, கட்டிட்டுப் போனார். தகராறு வந்தா 1915, தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன். சர்வர் நல்லா கவனிச்சிருந்தா அவர் கையில டிப்ஸ் குடுங்க, அது வேற.

பேண்டு ஆளுங்க பதினொன்றரைக்கு பெட்டி படுக்கையோட வந்தாங்க. கீபோர்டு வாசிக்கிற அண்ணன் செம டயர்டு. 'ராக் நைட்னு போர்டு. ஆனா பத்து துண்டுச் சீட்டு வந்தா எட்டுல ஹிந்திப் பாட்டு. வாசிச்சா ராக் ரசிகர் எழுந்து போறார், வாசிக்கலைன்னா சீட்டு எழுதினவர் மேனேஜர்கிட்ட போறார்.' சொந்தமாப் போட்ட பாட்டு ஒண்ணே ஒண்ணு வாசிச்சாங்களாம், அந்த நேரத்துலதான் எல்லாரும் பாத்ரூம் போனாங்களாம்! ஆனாலும் மேடை இருக்கேங்கிறார். பொது கேளிக்கைக்கான 2005ம் வருஷ லைசென்ஸ் ஆணையை சுப்ரீம் கோர்ட் 2018 ஜனவரியில உறுதி செஞ்சது. அதுக்கப்புறம் போலீஸ் கெடுபிடி கூடி பல பப்கள்ல லைவ் மியூசிக்கே நின்னு போச்சு. அந்த வருஷம் வீக்எண்டுல வீட்ல சும்மா உட்கார்ந்ததைச் சொல்றப்போ அவர் சிரிக்கலை.

பப் ஒரு மணி வரைக்கும் இருக்கலாம். மெட்ரோ இருக்காது! அந்த ரெண்டு அக்காங்க சாமர்த்தியம், கடைசி எம்.ஜி. ரோடு ரயில் நேரம் பார்த்துக்கிட்டு முன்னாடியே கிளம்பிட்டாங்க. பின்னாடி வந்தவங்க கேப் கேன்சல் ஆகி, ஆகி, தெருவுல நின்னாங்க. ஆட்டோக்காரங்க மீட்டரைத் துணி போட்டு மூடிட்டு டபுள் கேட்டாங்க. 'ராத்திரி சூப்பர்'னு வந்தவங்க, அரை மணி நேரம் கழிச்சு 'இனிமே இந்தப் பக்கம் வரவே மாட்டேன்'னு கட்சி மாறினதை நானே பார்த்தேன். பப்புக்கு இதுல சம்பந்தமே இல்லை, ஆனா திட்டு அதுக்குத்தான்.

இன்னும் ஒண்ணே ஒண்ணு. வெளியே வந்த எல்லார்கிட்டயும் 'உள்ளே இன்னொரு வாசல் எங்கே இருக்கு?'ன்னு கேட்டேன். ஒருத்தருக்கும் தெரியலை. மும்பை கமலா மில்ஸ் ரூஃப்டாப் பப் தீ விபத்துல 2017 டிசம்பர்ல 14 பேர் செத்தாங்க. 2025 டிசம்பர்ல கோவாவுல ஒரு நைட் கிளப் தீயில 25 பேர். போனதும் மெனு கார்டைப் பார்க்கிறதுக்கு முன்னாடி மாற்று வாசலைப் பாருங்க. அது பூட்டியிருந்தா, இல்லே பீர் கேஸ் அடுக்கி வெச்சிருந்தா, வேற கடை பாருங்க.

செக்யூரிட்டி அண்ணன் கடையை மூடறப்போ ஒரு டிப்ஸ் குடுத்தார்: சனிக்கிழமை வராதே, புதன் இல்லே வியாழன் வா. கூட்டம் கம்மி, ஸ்டாக் சார்ஜ் கிடையாது, பேண்டும் சீட்டு தொல்லை இல்லாம அவங்க இஷ்டத்துக்கு வாசிப்பாங்களாம். எனக்கு அந்த வியாழக்கிழமை வர்றதுக்கு இன்னும் ஏழு மாசம் இருக்கு. (பொறந்த நாள் கிஃப்ட் அனுப்பறவங்க எடிட்டர் மூலமா அனுப்பவும்!)

மரைன் தம்பி ஈ.என்.டி.க்கு டோக்கன் போட்டாச்சுன்னு மெசேஜ் அனுப்பியிருக்கான். ரிசல்ட் இன்னும் வரலை.

அடுத்த வாரம் இன்டர்னல்ஸ்... ஆனாலும் வருவேன். இப்போதைக்கு, விடு ஜூட்!